ஐந்தரைக் கட்டைக்குக் கீழே

டீச்சர்,

உங்கள் ஆர்மோனியத்தைத் துடைத்துச் சரிசெய்ய இன்று காலை ஒருவர் வந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையும் பழைய தோல் வாசனையும் கலந்து வந்தன. உங்கள் தங்கை மகன் இதைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, "பெரியம்மா உங்களுக்குத்தான் கொடுக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து நான் திறக்கவே இல்லை. நீங்கள் போன துக்கம் காரணமில்லை. உள்ளே எலி குடியிருக்குமோ என்ற பயம்தான். எலி இல்லை.

வந்தவர் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். "இங்க பிளாஸ்திரி ஒட்டியிருக்கேம்மா, எடுத்துடவா?" என்று கேட்டார். கேட்கும்போதே வலது பக்கத்து பிளாஸ்திரியை உரித்தும்விட்டார். மற்ற கட்டைகள் எல்லாம் வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி நிறம் மாறிக் கிடக்க, அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. இடது பக்கத்தில் இருப்பதைத் தொட வேண்டாம் என்று சொன்னேன்.

வேலை முடிந்ததும், "ஏதாவது ஒரு பாட்டு பாடுங்கம்மா, சுருதி நிக்குதான்னு பாத்துடலாம்" என்றார். பாடினேன். அவர் கூடவே வாசிக்கப் பார்த்தார். இரண்டு வரி போனதும் கையை எடுத்துவிட்டார். "இது என்ன பாட்டும்மா? மெட்டே பிடிபடலையே" என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நாம் இருவரும் ஒரே வருடத்தில்தான் அந்தப் பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தோம். ஐம்பதுகளின் நடுப்பகுதி. நீங்கள் மேலப்புதூர், பாட்டு டீச்சர், ஞாயிறுதோறும் மாதா கோயிலில் உச்சக்குரல் பாடி வளர்ந்தவர். நான் ஸ்ரீரங்கம், கணக்கு டீச்சர். காலையில் பஸ் பிடித்துக் காவிரியைத் தாண்டி திருச்சி டவுனில் இறங்கி, வேர்க்க வேர்க்க நடந்து வந்து சேர்வேன். நமக்கு ஒரே வயது. ஆனாலும் நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள இரண்டு பேருக்கும் கடைசி வரை தைரியம் வரவில்லை.

பயிற்சிக்கு வந்த பெண்களையும் ஆசிரியைகளையும் சேர்த்து நீங்கள் ஒரு பாடற்குழு அமைத்தீர்கள். ஆர்மோனியம் வாசிக்க ஆள் வேண்டும் என்றபோது நான் வந்தேன். பாட மட்டும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எங்கள் அகத்தில் மார்கழி விடியலில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து பாசுரம் சேவிப்பார்கள். அத்தை என் பக்கம் குனிந்து, "நீ மனசுக்குள்ளயே சேவிச்சுக்கோடி, பெருமாளுக்குக் கேக்கும்" என்பார். என் குரல் அப்படி. தடித்தது, மேலே ஏறாதது. பெருமாளுக்குக் கேட்டால் போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் ஆண்டு விழாவில் நாம் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? நீங்கள் கோயிலிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் எல்லாப் பாட்டும் நான்கு குரலுக்கு எழுதியிருந்தது. இரண்டு குரல் பெண்களுக்கு, இரண்டு குரல் ஆண்களுக்கு. நம்மிடம் ஆண் என்று இருந்தவர் வாட்ச்மேன் ஒருவர்தான். அதனால் ஆண்களின் அடிக்குரலை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி, தடித்த குரல் உள்ள பெண்களுக்குக் கொடுத்தோம். கணக்குப்படி சரிதான், நானே சரிபார்த்தேன். மேடையில் அந்தக் குரல் அடியில் நிற்கவில்லை. மெட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. கேட்டவர்கள் எல்லாரும் அதையே மெட்டு என்று எண்ணிக்கொண்டார்கள். விழா முடிந்து தாளாளர் வந்து, "புதுப் பாட்டா இருக்கே, நல்லா இருந்தது" என்று பாராட்டினார். அவர் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் பாடிவந்த பாட்டு அது.

அன்று ஆசிரியைகள் அறையில் நீங்கள் சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடித்தீர்கள். பிறகு புத்தகத்தை மூடினீர்கள். "ஆம்பிளைங்க இல்லாத குறைய நிரப்புற பாட்டு நமக்கு வேண்டாம் டீச்சர். குறையே தெரியாத பாட்டு எங்கயாவது இருக்கும், தேடுவோம்" என்றீர்கள்.

தேடுகிற விதம்தான் உங்களுடையது. புதிதாக ஒருத்தி வந்தால், எவ்வளவு மேலே போவாள் என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் கீழே இறங்கச் சொல்வீர்கள். இன்னும் கீழே, இன்னும் கொஞ்சம் என்று குரல் வெறும் காற்றாகிப் போகும் வரை இறக்குவீர்கள். குழுவில் மிகத் தாழ்ந்த குரல் உறுதியாக நிற்கிற கட்டையில் ஒரு பிளாஸ்திரி, அது தரை. மிக உயர்ந்த குரல் கழுத்து நரம்பு புடைக்காமல் தொடுகிற கட்டையில் இன்னொன்று, அது கூரை. இரண்டுக்கும் நடுவில் அடங்குகிற பாட்டை மட்டும்தான் எடுப்பீர்கள். உச்சியில் 'ஈ' என்று முடிகிற சொல் வந்தால் அது கிறீச்சிடும் என்று சொல்லி அந்தப் பாட்டைத் தள்ளுவீர்கள். பெண்ணின் இடையையும் நடையையும் புகழ்கிற பாட்டை, "இதை நாமளே நம்மளப் பத்திப் பாடிக்கணுமா?" என்று கேட்டுத் தள்ளுவீர்கள். மனசில்லாமல் விட்ட பாட்டுகளும் உண்டு. "நல்ல பாட்டுதான், நம்ம வீட்டுல இடமில்ல" என்பீர்கள்.

ஒரு மதிய இடைவேளையில் நீங்கள் எழுதிய ஒரு பாட்டின் அடிக்குரல் எப்படி நிற்கிறது என்று பார்க்க ஆள் கிடைக்கவில்லை. "நீங்க பாட வேண்டாம் டீச்சர், சும்மா சொல்லுங்க, போதும்" என்றீர்கள். சொன்னேன். நீங்கள் அதற்கு மேலே மெட்டைப் பாடினீர்கள். என் குரலின் மேல் இன்னொரு குரல் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. அதுவரை என் குரலால் யாருக்கும் ஒரு உபயோகமும் இருந்ததில்லை. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து குழுவில் நானும் பாடினேன்.

துறையூரிலிருந்து கனகம் பயிற்சிக்கு வந்தது அறுபதுகளில். முப்பதைத் தாண்டியவள். புருஷன் போன பிறகு அவள் அண்ணன் படிக்க அனுப்பிவைத்திருந்தார். அவள் குரல் என்னுடையதைவிடத் தாழ்ந்தது. அவளைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, இடது பக்கத்து பிளாஸ்திரியை நகத்தால் கிளப்பி ஒரு கட்டை தள்ளி ஒட்டினீர்கள். "வீடு பெரிசாயிடுச்சு" என்றீர்கள்.

அந்த வருடம் எல்லாருமாக முக்கொம்பு அணைக்குச் சுற்றுலா போனோம். புளியோதரை தின்ற கையைக் கழுவிவிட்டு, மரத்தடியில் பெண்கள் தாங்களாகவே ஒரு தாலாட்டை ஆரம்பித்தார்கள். ஆர்மோனியம் இல்லை, சுருதி கொடுக்க யாரும் இல்லை. பள்ளியில் வழக்கமாகப் பாடுகிற ஐந்தரைக் கட்டைச் சுருதிக்கு வெகு கீழே ஆரம்பித்தார்கள். நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள். "பாத்தீங்களா, யாரும் சொல்லாதப்ப எங்க ஆரம்பிக்கிறாங்கன்னு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள். அடுத்த வாரமே அந்தத் தாலாட்டை நாலு கட்டைச் சுருதியில் மூன்று குரலுக்கு எழுதி முடித்திருந்தீர்கள்.

அப்போதுதான் வானொலியில் பாட அழைப்பு வந்தது. தாளாளர் தலைகால் புரியாமல் இருந்தார். பாட்டையும் அவரே தேர்ந்தெடுத்துவிட்டார். "பொம்பளைங்க பாடினா கணீர்னு மேல நிக்கணும்" என்றார். ஐந்தரைக் கட்டை, அதிலும் பாதிப் பாட்டு மேல்ஸ்தாயியில். குழு உங்கள் கையில் இருப்பதும் போவதும் அவர் ஒரு வார்த்தையில் இருந்தது. நீங்கள் மறுக்கவில்லை. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தீர்கள். பாட்டும் நன்றாகவே வந்தது.

ஒரு நாள் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "அடியில ஒண்ணுமே கேக்கலையே. யாராவது வாய மட்டும் அசைக்கிறீங்களா?" என்றீர்கள்.

"நாந்தாங்க டீச்சர்" என்றாள் கனகம்.

"அப்படிப் பண்ணச் சொல்லி யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. பழக்கந்தான்."

நான் ஆர்மோனியத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானும் அன்று வாயைத்தான் அசைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பது உங்கள் முகத்தில் தெரிந்தது. ஒத்திகையை அத்துடன் முடித்துவிட்டு நேராகத் தாளாளர் அறைக்குப் போனீர்கள். நானும் பின்னால் வந்தேன்.

"பாட்டை மாத்தணுங்க" என்றீர்கள்.

"ஏன், வரலையா?"

"வருதுங்க. பாதிப் பேருக்கு வருது."

"வர்றவங்க பாடட்டுமே. மத்தவங்க சும்மா நிக்கட்டும். ரேடியோவுல யாரு பாக்கப் போறா?"

"அதாங்க சொல்றேன். ரேடியோவுல சும்மா நிக்கிறவங்க இருக்கிறதே தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க இஷ்டம். ஆனா அடுத்த வருஷம் குழு யார் பொறுப்புல இருக்கும்னு நான் இப்ப சொல்ல முடியாது" என்றார். நீங்கள் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தீர்கள்.

தாலாட்டைத்தான் பாடினோம். நாலு கட்டையில். வானொலி நிலையத்து அறையில் சுவரெல்லாம் துணி கட்டியிருந்தது. நம் குரல் திரும்பி வராமல் போய்க்கொண்டே இருந்தது. அன்று யாரும் வாயை மட்டும் அசைக்கவில்லை. ஊர்ப் பொது ரேடியோவில் அதைக் கேட்ட கனகத்தின் அண்ணன் அடுத்த வாரம் வந்து, "காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், உன் குரல் தனியா எங்கயும் கேக்கலையே" என்று குறைப்பட்டார். "கேட்டிருந்தா தப்புண்ணே" என்றாள் அவள். அந்த மார்கழியில் நான் வாய்விட்டுச் சேவித்தேன். அத்தை திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் தொடர்ந்து சேவித்தார்.

தாளாளர் சொன்னபடியே செய்தார். அடுத்த வருடம் குழு வேறொருவரிடம் போனது, ஐந்தரைக் கட்டையும் திரும்பி வந்தது. உங்களுக்குத் தையல் வகுப்பைக் கொடுத்தார்கள். பள்ளியில் புது ஆர்மோனியம் வாங்கியதால் இந்தப் பழையதை நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அது தீரவில்லை, தீர வேண்டும் என்று எனக்கு அவசரமும் இல்லை. உங்களிடம் சொன்னபோது, "ஒரு பாட்டு நல்லா அமைஞ்சுதே டீச்சர், விடுங்க" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தீர்கள்.

கனகம் வேலை கிடைத்து ஊருக்குப் போகும் வரை, மதிய இடைவேளைகளில் தையல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாம் மூன்று பேரும் பாடினோம். பிறகு நாம் இரண்டு பேர். நீங்கள் மேலே, நான் கீழே. ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு ஒரு தடவையாவது மேலப்புதூருக்கு வருவேன். காப்பி, கொஞ்சம் வம்பு, பிறகு ஒன்றிரண்டு பாட்டு. கடைசியாக வந்தபோது உங்களுக்கு மூச்சு வாங்கியது. தாலாட்டில் ஒரு வரிக்கு நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினீர்கள். நான் நிறுத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்து சேர்ந்துகொண்டீர்கள்.

இன்று அந்த மனிதர் மெட்டு என்ன என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. நாம் பாடிய எந்தப் பாட்டுக்கும் எனக்கு மெட்டு வாயில் வராது. கேட்டிருக்கிறேன், வாசித்திருக்கிறேன், பாடியதில்லை. அதைப் பாடுவதற்கு எப்போதும் நீங்கள் இருந்தீர்கள். என்னிடம் இருப்பது அடிக்குரல் மட்டும்தான். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது. சமைக்கும்போதும் கொடியில் துணி உலர்த்தும்போதும் அதுதான் வாயில் வருகிறது. மருமகள்கூட, அம்மா ஏதோ கணக்குப் போடுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் போன பிறகு, உரித்த பிளாஸ்திரியைப் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தேன். பசை போய்விட்டது, ஒட்டவில்லை. கூரை இல்லாமலே ஆர்மோனியத்தைத் திறந்து, நாலு கட்டையில் அந்தத் தாலாட்டை முழுவதும் பாடினேன். நீங்கள் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில் நானும் காத்திருந்துதான் பாடினேன், டீச்சர்.