காடு மண்டிய வீட்டிலிருந்து

மார்ச் 2, திங்கள்

அன்புள்ள டீச்சருக்கு,

நலம். நீயும் சிட்டுவும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, எழுதினால் படிக்கிறேன் என்றாய். எழுதுகிறேன். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே.

வீடு பிடித்தாகிவிட்டது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் தோட்டம். தோட்டம் என்பது வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை. நான் பார்த்தது காடு. நாலு வருஷமாக யாரும் குடியில்லாமல் உண்ணிச்செடி ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. பின்கதவைத் தோள் கொடுத்துத் தள்ளித்தான் திறந்தேன். அதனால்தான் என் சம்பளத்துக்கு இந்த வீடு கிடைத்தது. "சுத்தம் பண்றது உங்க பாடு. ஆனா எதையும் இடிக்கக் கூடாது" என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை ஐந்தரைக்கு முடிகிறது. இருட்டுவதற்குள் ஒரு மணி நேரம் தோட்டத்துக்கு. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் அரிவாளும் கடப்பாரையும் இரவல் தந்தார். வெட்டிய இடத்தில் கடையிலிருந்து கொண்டுவந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, மேலே சருகைக் கொட்டுகிறேன். வெயில் படாமல் களை அடியிலேயே செத்துவிடும். செலவில்லாத வைத்தியம்.

நேற்று சிட்டு வந்ததில் வீடே நிறைந்துபோனது. கொடி படர்ந்த ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, அதுதான் அவள் சமையலறை என்றாள். எல்லாம் சரியாக இருக்கிறது, கவலைப்படாதே. வரும் ஞாயிறும் அனுப்புவாயா? இதைக் கேட்பதற்குள் பேனாவை நாலு தடவை கீழே வைத்துவிட்டேன்.

உன்,
லென்ஸ்காரன்


மார்ச் 9, திங்கள்

சிட்டுவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு எழுத்துப் பிழைகள். திருத்தவில்லை.

நேற்றும் அனுப்பினேன். முழங்கால் இரண்டிலும் கீறலோடு வந்தாள். சட்டையில் ஒட்டியிருந்த முள்விதைகளைப் பிடுங்கி முடிக்கவே அரை மணி நேரம். அவளுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. "அம்மா, அப்பா வீட்டுல ஒரு எடத்துல தரை பேசுதும்மா! நான் குதிச்சா டம் டம்னு பதில் சொல்லுது" என்று இங்கே குதித்துக் காட்டினாள். கீழ் வீட்டுக்காரர்கள் மேலே வந்து, "ஏதாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் விளையாடும்போது உங்கள் கண் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறாளா? பாம்பு பார்த்தீர்களா? அந்த மூலையில் அடியில் என்ன இருக்கிறது?

"எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேலை பார்த்த அச்சகம் மூடிய பிறகும் ஏழு மாதம் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய், சாயந்தரம் வந்து இதே வாக்கியத்தைத்தான் சொன்னீர்கள். சண்டைக்காக எழுதவில்லை. அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா


மார்ச் 12, வியாழன்

அன்புள்ள டீச்சருக்கு,

இதை உட்கார்ந்து படி.

உன் கடிதம் செவ்வாய் மாலை வந்தது. படித்த கையோடு பின்னால் போனேன். கொடியை இழுத்துப் போட்டேன். அடியில் ஒரு சாண் கனத்துக்கு மக்கிய சருகு. அதை வழித்தால் தகரம். ஓரத்தில் கடப்பாரையை வைத்ததுதான் தெரியும், அழுத்தக்கூட இல்லை, காய்ந்த இலை போல உடைந்து உள்ளே போனது. ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். கொஞ்சம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லை. தரையோடு தரையாக வாய் திறந்திருக்கிறது. மேலே துருப்பிடித்த ஒற்றைத் தகரம். அதன் மேல்தான் அவள் இரண்டு ஞாயிறும் குதித்திருக்கிறாள். நான் பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு உண்ணிச்செடி வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் விட்டுப்போன பிளாஸ்டிக் டம்ளர் அங்கேயே இருந்தது, உள்ளே பறித்துப் போட்ட பூக்களோடு.

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். எழுந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, பலகையைப் போட்டு மூடிவிட்டு உன்னிடம் "பழைய தகரம், எடுத்துப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிடலாம் என்பதுதான். பொய்கூட இல்லை, பார். நேற்றெல்லாம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அச்சகம் மூடிய அன்றும் இப்படித்தான். நாளைக்குச் சொல்லலாம், சம்பள நாளுக்குள் வேறு வேலை கிடைத்துவிடும் என்று தள்ளிப் போட்டேன். கடைசியில் போர்மேன் கடைத்தெருவில் உன்னிடம் உளறும் வரை வந்து நின்றது.

இதைப் படித்தால் நீ அவளை அனுப்ப மாட்டாய். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன்,
லென்ஸ்காரன்


மார்ச் 14, சனி

படித்தேன்.

சிட்டு மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "கூசுதும்மா" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

இனி அனுப்ப மாட்டேன். எத்தனை ஞாயிறு என்று கேட்காதீர்கள். பதிலும் எழுத வேண்டாம்.


மார்ச் 24, செவ்வாய்

டீச்சருக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். "நாலு வருஷமா அதுல யாராவது விழுந்தாங்களா? பயமா இருந்தா வேற வீடு பாத்துக்குங்க" என்றார். கோபத்தில் காலி செய்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நான் போனால் அடுத்து வருகிறவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கலாமே. "சார், இடிக்கக் கூடாதுன்னுதான் எழுதி வாங்கினீங்க. கட்டக் கூடாதுன்னு எழுதலையே" என்றேன். "என்னமோ பண்ணுங்க, எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று உள்ளே போய்விட்டார்.

செங்கல் வாங்கவில்லை. புதருக்குள்ளேயே இடிந்து விழுந்த துணி துவைக்கும் மேடை ஒன்று இருந்தது. ஒவ்வொரு கல்லாகச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். எலெக்ட்ரீஷியனுக்குக் கொத்து வேலையும் தெரிந்திருக்கிறது. முதல் மூன்று வரிசை நான் வைத்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "தண்ணியடிச்சிட்டு வெச்சீங்களா?" என்று கேட்டார். பிரித்துவிட்டு மறுபடி வைத்தோம். இப்போது சுவர் என் மார்பு உயரம் நிற்கிறது. தெருமுனை வெல்டர் பழைய ஜன்னல் கம்பிகளைச் சேர்த்து வட்டமாக மூடி அடித்துக் கொடுத்தார். கூலிக்குப் பதில் அவருக்குக் கண்ணாடி. பாவம், இத்தனை நாளாகக் கீறல் விழுந்த லென்ஸோடு நெருப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கடையில் சொல்லிவிட்டுத்தான் தேய்த்தேன். மூடிக்குப் பூட்டு உண்டு. சாவி என் இடுப்பில்.

ஆனாலும் பயம் போகவில்லை. கடையில் லென்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, பூட்டினேனா என்று திடுக்கென்கிறது. எலெக்ட்ரீஷியன் மனைவிக்குப் போன் போட்டு எட்டிப் பார்க்கச் சொல்கிறேன். நேற்று மூன்றாவது முறை கேட்டதும், "கெணறு எங்கயும் நடந்து போயிடலைங்க" என்று வைத்துவிட்டார்கள்.

வரச் சொல்லி எழுதவில்லை. அவள் கீறல்கள் ஆறிவிட்டனவா?

லென்ஸ்காரன்


ஏப்ரல் 1, புதன்

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று பள்ளி அரை நாள். உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் வேலையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். எலெக்ட்ரீஷியன் மனைவி கேட்டைத் திறந்துவிட்டார்.

கம்பி மூடியை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மனசு ஆறவில்லை. கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் கால் வைத்து மூடியின் மேல் ஏறி நின்றேன். "ஐயோ மேடம், இறங்குங்க! பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார். நான் முழு எடையோடு இரண்டு முறை குதித்த பிறகுதான் இறங்கினேன். கீழே தண்ணீரில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது. அதன் பிறகு அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். அவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.

நீங்கள் எழுதியதால் நானும் ஒன்று எழுதியாக வேண்டும். போர்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. மூன்றாவது மாதமே தெரியும். நீங்கள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போன நாளில் அதைக் கொடுக்க அச்சகத்துக்கு வந்தேன். பூட்டிக் கிடந்தது. காவல்காரர், "மூடி மூணு மாசமாச்சேம்மா" என்றார். கண்ணாடியைக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நீங்களாகச் சொல்லட்டும் என்று நாலு மாதம் காத்திருந்தேன். "இன்னிக்கு வேலை எப்படி?" என்று தினமும் கேட்டேனே, அது அக்கறை இல்லை, பரீட்சை. தினமும் நீங்கள் தோற்றீர்கள், தினமும் நான் மதிப்பெண் போட்டேன். கையைப் பிடித்து "எனக்குத் தெரியும்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லாமல் உங்கள் மேல் மட்டும் குற்றம் சுமத்திவிட்டுப் பிரிந்து வந்துவிட்டேன். நானும் ஒளித்துத்தான் வைத்திருந்தேன்.

அன்றைக்கு ஏழு மாதமாகியும் சொல்லவில்லை. இந்த முறை இரண்டு நாளில் சொல்லிவிட்டீர்கள். அந்த இரண்டு நாள்கூட எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவளை இனி அனுப்ப மாட்டேன் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறீர்கள்.

நாங்கள் இன்னும் உங்கள் வீட்டுக்குக் குடிவருவதாக இல்லை. அதை இப்போது கேட்காதீர்கள். ஞாயிறு பத்து மணிக்கு இருவரும் வருகிறோம். வேலியோரம் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது, எனக்கும் ஒரு அரிவாள் இரவல் வாங்கி வையுங்கள்.

தரை பேசிய அந்த இடத்தில் என்ன இருந்தது என்று சிட்டு தினமும் கேட்கிறாள். நான் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவள் எதன் மேல் குதித்தாள் என்பதை, குறைக்காமல், அவளுக்குப் புரிகிற மாதிரி. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்