லிட்டருக்குப் பதினெட்டு

குவைத் வெயிலில் கறுத்துக்கொண்டிருக்கும் என் மாமாவுக்கு,

திண்டிவனத்திலிருந்து மலர்விழி எழுதுவது. நானும் பிள்ளைகளும் நலம். கார்தான் உங்கள் சந்தேகத்தில் இளைத்துவிட்டது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். போன் வந்தால் உங்கள் அம்மா என்னை ஒட்டி உட்கார்ந்துவிடுகிறார். இது அத்தை காதில் விழக் கூடாது. லீவு முடிந்து கிளம்பும் அந்தோணிசாமி அண்ணனிடம் வறுத்த மல்லாட்டையோடு கொடுத்தனுப்புகிறேன். முதலில் படியுங்கள், அப்புறம் கடலையைக் கொறியுங்கள்.

ஹைபிரிட் வண்டி லிட்டருக்கு இருபத்தேழு ஓடும் என்றான் கம்பெனிக்காரன். எனக்குப் பதினெட்டைத் தாண்டவில்லை. அதற்கு, "மீதி பெட்ரோலுல எங்கடி சுத்திக்கினு இருக்கற?" என்று கேட்டுவிட்டீர்கள். சாவியை உங்கள் தம்பி சவுரிராயனிடம் கொடுக்கவும் சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய், இறங்குகிறது. தூக்கம்தான் வரவில்லை.

எங்கேயும் சுற்றவில்லை மாமா. அத்தைக்கு ரத்தம் சுத்தம் பண்ண விழுப்புரம் ஆஸ்பத்திரி, விட்டால் வீடு. மெதுவாகப் போனால் இன்ஜின் அணைந்து, வண்டி பேட்டரியில் சத்தமில்லாமல் போகும். பெட்ரோல் மிச்சமாவது அதில்தான். ஆனால் சத்தம் நின்றதும் அத்தை என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். "வண்டி நின்னுடுச்சிடி, மெதி, மெதி" என்று பதறுகிறார். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் ஒருநாள் கதவையே திறந்துவிட்டார். நான் கிண்டல் பண்ணிச் சிரித்தேன். அப்புறம்தான் விஷயம் சொன்னார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் மிஷின் சத்தம் நின்று, நர்சுகள் ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறார். அந்தக் கட்டில் அம்மா அப்புறம் வரவே இல்லை.

அதிலிருந்து அத்தை ஏறினால் இன்ஜினை முடிந்தவரை அணையவிடாமல் அழுத்தியே ஓட்டுகிறேன். அது உறுமினால் அவர் தூங்குகிறார். தன்னால்தான் பெட்ரோல் போகிறது என்று தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்பார். அவர் பிடிவாதம் உங்களுக்கும் கொஞ்சம் வந்திருக்கிறதே, தெரியாதா?

உங்கள் தம்பி ஓட்டினால் மைலேஜ் வரலாம். அத்தை பதறினால் கம்மென்று வா என்று அதட்டுவார். அத்தையும் அடங்கி, விழித்தபடியே வருவார்.

கம்பெனிக்காரனை நம்பியதில் பாதி என்னை நம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மைலேஜ் கேட்காதீர்கள். அத்தை காதில் விழும்படி, மலரே ஓட்டட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாக வைக்கட்டும்.

உங்கள்
மலர்