பிந்தி விழும் அடி

தம்பிக்கு,

உங்கள் குழுவின் கச்சேரிப் பதிவுகளை ஒன்று விடாமல் கேட்கிறேன். ஒரே பாட்டை மேடைக்கு மேடை புதிதாக வளர்த்துக்கொண்டு போகிறீர்கள். ஊரே கிதாரைக் கேட்கும். நான் உன் டிரம்ஸை மட்டும் கேட்கிறேன்.

கொஞ்ச நாளாக உன் இடது கை அடி பிந்தி விழுகிறது. வேண்டுமென்றே செய்கிறாயோ என்று பழைய பதிவுகளையும் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் கேட்டேன், துணி மடித்துக்கொண்டே கேட்டேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கடைசியில் உங்கள் கிதார்காரருக்குப் போன் போட்டேன்.

"இப்பல்லாம் நிதானமா வாசிக்கிறான்க்கா. நல்லாத்தான் இருக்கு."

"டீ கப்ப எந்தக் கையில பிடிக்கிறான்?"

அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

சட்டைப் பொத்தான் போட வராதபோது அப்பாவும் முதலில் குளிர் என்றுதான் சொன்னார். அந்தக் கை கடைசிவரை அவருக்குத் திரும்பி வரவேயில்லை.

நேற்று வந்த பதிவில், நீ தனியாக வாசிக்கும் இடத்தில் வலது கை மட்டுமே கேட்டது. கூட்டம் கைதட்டியது. நான் நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். சிரித்து மழுப்பாமல் வந்து சேர். உனக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன். போனில் சொல்லாமல் ஏன் கையால் எழுதினேன் என்பது, இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாலே உனக்குப் புரியும்.

உன் வரவுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
அக்கா