கிளியம்மாளின் கட்டைவிரல்

இரும்புலியூர்
1997 பிப்ரவரி, ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகன் அருமைராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, நீயும் கடல் தாண்டி டார்வினில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு மனசுதான் சுகமில்லை. அப்பா எழுதட்டும் என்று பார்த்தேன், அவர் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருக்கிறார், அதனால் நானே எழுதுகிறேன்.

போன லீவில் நீ கொண்டுவந்த காற்றடிக்கிற துடுப்புப் படகும், தூண்டில் கயிற்றில் மாட்டுகிற, வர்ணம் பூசிய பிளாஸ்டிக் பொய்மீன்களும் நம் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களை நானே கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு பீற்றல் எனக்கு. போன வாரம் படகை மடித்துச் சேட்டுவின் ஆட்டோவில் திணித்துக்கொண்டு முட்டுக்காட்டு உப்பங்கழிக்குப் போனோம். அப்பா பெரிய தொப்பி போட்டுக்கொண்டு துரை மாதிரி துடுப்பு வலித்தார், நான் டிபன் கேரியரோடு கரையில் இருந்தேன். நீர்க்காக்கை முங்குகிற இடத்தில் மீன் இருக்கும், அங்கே வீசுங்கள் என்று நீதானே எழுதியிருந்தாய். தூரத்தில் கறுப்பாக ஒன்று முங்குவதும் எழுவதுமாக இருந்தது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது, அவருக்கும் எனக்கும் அது நீர்க்காக்கையாகத்தான் தெரிந்தது. வீசினார், மாட்டிக்கொண்டது, ரீலைச் சுற்றச் சுற்றக் கனத்தது. கொடுவா மீன்தாங்க, விடாதீங்க, இழுங்க என்று கரையில் நின்று கைதட்டியவள் நான்.

அது நீர்க்காக்கை இல்லை ராஜு. கழுத்துவரை தண்ணீரில் இருக்கும்படி குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற ஒரு பெண், பெயர் கிளியம்மாள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேண்டும் என்பதால் இறால் போடுகிற ஓலைக்கூடையை இந்த வேலை செய்கிறவர்கள் பல்லால் கவ்விக்கொள்வார்கள். பொய்மீனின் முள் வலது கட்டைவிரல் அடியில் ஏறிவிட்டது. வாயைத் திறந்தால் காலையிலிருந்து பிடித்ததெல்லாம் போய்விடும் என்று அவள் கத்தவே இல்லை, நாங்களும் விடாமல் இழுத்திருக்கிறோம். கடைசியில் வலி தாங்காமல் அலறினாள், கூடை விழுந்து இறால் அத்தனையும் போயிற்று. அப்பா பதறிப்போய் அவளைக் கரைக்குக் கூட்டி வந்தார். விரலில் தொங்கிய பொய்மீனை அவள் பிய்க்கப் போனாள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா, பிடிச்சு இழுக்காதேம்மா, ஒடிஞ்சிடப் போகுது, ஃபாரின் சாமான் என்றேன். ரத்தம் சொட்டுகிற கையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். இதை உனக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சேட்டு ஆட்டோவிலேயே கேளம்பாக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். முள்ளை வெட்ட அவர் குறடை எடுத்ததும் கிளியம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அத்த ஒடிச்சிடாத சார், ஃபாரின் சாமானாம், அந்தம்மா பேஜார் பண்ணப் போவுது என்றாள். குத்திக் காட்டவில்லை ராஜு, நிஜமாகவே பயந்துதான் சொன்னாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நான் எங்கே போவேன்?

நேற்று மாத்திரையும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போனோம். வீட்டில் இருப்பாள் என்று பார்த்தால் தண்ணீரில் நிற்கிறாள். வலது கட்டைவிரல் மடங்கவில்லையாம், இடது கையால் மட்டும் தடவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். வாயில் கூடை, தலையை மட்டும் ஆட்டினாள். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன், கடைசியில் டிபன் கேரியரைக் கரையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு வரும்போது புதிதாக ஒரு பெட்டி பொய்மீன் கொண்டுவருவதாக எழுதியிருந்தாய், வேண்டாம். விரல் மடங்க என்ன வைத்தியம் என்று அங்கே நல்ல டாக்டராகப் பார்த்து விசாரித்து உடனே எழுது. வெயிலில் அலையாதே, ராத்திரி ஜெபத்தை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வந்த மறுநாளே என்னை முட்டுக்காட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும், மறக்காதே. அவள் கூடையைக் கீழே வைக்கிற வரைக்கும் நான் கரையில் நிற்க வேண்டும், நீ என் பக்கத்தில் நில்.

தலை குனிந்திருக்கும் உன் அம்மா,
யூனிஸ் தேவானந்தம்