ஒளித்து வைத்த ஜோடிக்குதிரை

லங்காஸ்டர், 1777

என் வீட்டு மகாபுத்திசாலிக்கு,

பீரங்கி இழுக்கப் பட்டாளம் ஜோடிக்குதிரை கேட்டால், உழவுக்கு ஆகட்டுமென்று நம் குதிரை ஜோடியில் ப்ளெஸ்ஸை ஒளித்துவிட்டு, லீசலோடு பக்கத்து வீட்டுக் கிழட்டுக்குதிரையைப் பூட்டிக்கொண்டு போனீர்களே! குட்டியிலிருந்து சேர்ந்தே இழுத்த ஜோடியைப் பிரிக்கலாமா? ப்ளெஸ் கலப்பையை அசைக்கவேயில்லை. அதட்டினால் உங்கள் அம்மா மாதிரி முறைக்கிறது.

"இறக்கத்தில் லீசல் ஒருபக்கமாய் இழுத்தாள், பீரங்கிச் சக்கரம் என் காலை உரசிப் போனது" என்று சிரிப்பாக எழுதுகிறீர்களே, மனுஷனா நீங்கள்? கால் எப்படியிருக்கிறதென்று கேட்கமாட்டேன்.

உங்கள் பட்டாளத்துக்கு வரும் கொல்லரிடம் ப்ளெஸ்ஸைக் கொடுத்துவிட்டேன்.

"உழவுக்கு என்னம்மா பண்ணுவே?" என்றார்.

"என் புருஷன் மூளையைப் பூட்டுறேன். இங்கேதான் சும்மா கிடக்கு."

கிழட்டுக்குதிரையை அவிழ்த்துவிட்டு ப்ளெஸ்ஸைப் பூட்டுங்கள். அப்புறம் மூன்று பேராய் வீடு திரும்புங்கள். ஒருவர் குறைந்தாலும் கதவைத் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
கொட்டிலில் ஒற்றையாய் நிற்கும் இன்னொரு குதிரை