அட்டையில் ஆடு சிரித்த புத்தகம்

அத்தானுக்கு,

போன்ல சொன்னா நம்ம பிள்ளை காதுல விழுந்திரும், அதான் எழுதுதேன்.

வெள்ளிக்கிழமை மாடன் கோயில் கொடையில நம்ம கிடாவை வெட்டப் போறோம்னு தெரிஞ்சதுல இருந்து அவ சோறே திங்கல. மனசு மாறட்டும்னு கோவில்பட்டிக்குப் போயி விலங்குச் சாகசக் கதைப் புத்தகம் கேட்டேன். புலி, ஓநாய்ப் படமெல்லாம் பாத்தா பயந்துக்கிடுவாளேன்னு ஒதுக்கிட்டு, அட்டையில ஆடு சிரிச்சுக்கிட்டு நின்னதை எடுத்துட்டு வந்தேன். உள்ள புரட்டிப் பாக்கல, புத்திகெட்டவ. பலிக்கு வளத்த ஆடு தப்பிச்சு, மலை தாண்டிப் போயி ராசா ஆகுதாம் அதுல.

நேத்து காலையில கிடாவை அவுத்துவிட்டு, கழுகுமலைப் பக்கம் கையைக் காட்டி, "ஏலே, அங்கன ஓடிரு"ன்னு விரட்டியிருக்கா. அது கரிசக்காட்டுல கம்பந்தட்டையை மேஞ்சுட்டு, பொழுது சாய தானா வந்து தொழுவுல நின்னுச்சு. "ஏம்லே வந்த?"ன்னு அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை.

அவ காய்ச்சல்ல பேச்சுமூச்சில்லாம கிடந்தப்போ, பிள்ளை உசிரைக் குடு, கிடா தாரோம்னு நாம ரெண்டுபேரும் நேர்ந்துக்கிட்டது அவளுக்குத் தெரியாது.

"கிடாவுக்குப் பதிலா எதைக் குடுத்தாம்மா சாமி விட்டுரும்?"னு அவ கேக்குதா. நான் என்னத்தைச் சொல்ல?

இப்படிக்கு,
பிள்ளையைப் பெத்தவ