அம்மா மாத்திரை போட ஒப்புக்கொண்ட விவரம்

அன்புள்ள குட்டிக்கு அப்பா எழுதுவது. நான் சௌக்கியம், அம்மா சௌக்கியத்தின் பக்கமாகத் திரும்பியிருக்கிறாள், நீ சௌக்கியமா என்று கேட்டால் ம் என்பாய், அதனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறேன். போனில் என்றால் அம்மா பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டுவாள், நானும் மழை வெயில் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அம்மா மாத்திரையை ஆரம்பித்துவிட்டாள். லேசில் நடக்கவில்லை. நம் வீட்டில் பேட்டரி செத்துப்போச்சு என்றுகூட நான் சொல்லக் கூடாது, தீர்ந்துபோச்சு என்றுதான் சொல்ல வேண்டும், அப்படிப்பட்டவளிடம் டாக்டரம்மா இந்த மாத்திரை ரத்தத்தில் இருக்கிற புற்று அணுக்களைச் சாக வைக்கும் என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். சாகாமல் இருக்கத்தானே இங்கே வந்தேன் என்று அம்மா கைப்பையோடு எழுந்துவிட்டாள். மாத்திரைப் பெட்டி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் பிரிக்காமலே கிடந்தது. மாத்திரை வேலை செய்கிற விதத்தை நீ போனில் விளக்கியபோது நான் ம் ம் என்றது புரிந்து இல்லை, நீ கொஞ்சம் மூச்சு விடட்டுமே என்றுதான். அப்புறம் ஒரு நாள் மிக்சி போட்டபோது ஃப்யூஸ் போனது. என் வயர்மேன் மூளைக்கு அப்போதுதான் விளங்கிற்று. கருகின கம்பியை அம்மாவிடம் காட்டி, இது போனதால்தான் வீடு தப்பித்தது, சில பேர் அடிக்கடி போகிறதே என்று தடிக் கம்பியைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் சுவரே எரியும், கெட்டுப்போன அணுவும் தானாக அணைய வேண்டியதுதான், ஒரு புரதம் தடிக் கம்பி மாதிரி உட்கார்ந்து அணைய விடமாட்டேன் என்கிறது, மாத்திரை அதைத்தான் மடக்குகிறது என்றேன். எனக்குள் தடிக் கம்பியைப் போட்டது யார், கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் ரிப்பேர் பார்ப்பது நீங்கள்தானே என்றாள். மறுநாள் காலையில் சாப்பிட்டு முடித்து அவளாகவே பெட்டியைப் பிரித்தாள்.

டாக்டரம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். சிரித்தார், நல்ல அணுக்களும் கொஞ்சம் அடிபடும், அதனால் காய்ச்சல் என்றால் உடனே வாருங்கள் என்றார். கெட்டதெல்லாம் ஒரேயடியாகச் செத்துக் கொட்டினால் சிறுநீரகம் தாங்காதாம், அதனால் வாராவாரம் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நான் சொம்போடு பின்னாலேயே அலைவதால் எனக்குத் தண்ணீர் லாரி என்று பேர் வைத்திருக்கிறாள். அளவுக்கு மேல் ஏறியிருந்த வெள்ளை அணுக்கள் நன்றாக இறங்கியிருக்கின்றன. ஆனால் சில அணுக்கள் இந்தப் புரதம் போனால் வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்குமாம், அப்படியும் ஆகலாம், பார்ப்போம் என்றார். என் மகள் அந்த வேறொன்றைத்தான் பரிசோதனைக்கூடத்தில் துரத்திக்கொண்டிருக்கிறாள் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, அவள் வேலையைப் பாதியில் விட்டு வர வேண்டாம், எழுதிவிடுங்கள் என்றாள்.

எழுதிவிட்டேன். ஆனால் நேற்று உன் மெத்தையைத் தூக்க முடியாமல் தூக்கி வெயிலில் போட்டாள். என்ன என்று கேட்டதற்கு, சும்மா, பூச்சி பிடிக்கும் என்றாள். அடுத்த மாதம் அளவைக் கடைசியாகக் கூட்டுகிறார்கள், அந்த வாரம் பக்கத்தில் நீ இருந்தால் நன்றாக இருக்கும், அவளுக்கு மட்டும் இல்லை.

நீ நீண்ட ஆயுளோடு, கை வைத்த வேலையெல்லாம் கூடிவர, நன்றாக இருக்க வேண்டும். சளி இருமல் இருந்தால் சரியான பிறகே கிளம்பு, அம்மாவுக்கு ஒட்டிவிடக் கூடாது. வரச்சொல்லி நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, நீயாகத் தோன்றி வந்த மாதிரி வா.

இப்படிக்கு
உன் அப்பா